கள்ள மடை

மூணாறு தலைப்பில்
ஏழாவது ஷட்டரை ஏற்றிக்கொண்டிருந்தேன்.
கை நின்றுவிட்டது, நெஞ்சு நிற்கவில்லை.
டீசல் இன்ஜினை முழு வேகத்தில் கட்டிவைத்துவிட்டு
யாரோ சாப்பிடப் போய்விட்டதுபோல.
நிமிடத்துக்கு இருநூற்றுப் பதினெட்டு என்று
நீடாமங்கலம் ஆஸ்பத்திரியில் எண்ணினார்கள்.

"மூச்சை அடக்கி முக்குங்க, லஸ்கர்."
முக்கினேன்.
ஐஸ் தண்ணீரில் முகத்தை அமுக்கினார்கள்.
பிறகு ஓர் ஊசி.
ஆறு நொடி
நான் எந்த ஊரிலும் இல்லை.

அமலோற்பவம் ஈசிஜி தாளைக் கிழித்து
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
"ஒவ்வொரு கோபுரத்துக்கும் அடியில பாருங்க,
நேரா ஏறாம சாய்ஞ்சு ஏறுது."
வரப்பு சரிந்ததுபோல ஒரு சிறு சரிவு,
தாள் முழுக்க, விடாமல்.
"இதுக்குப் பேரு டெல்டா அலை."
சிரித்துவிட்டேன்.
வயரோடு கிடப்பவன் சிரிக்கக் கூடாதாம்,
கோடு ஆடும்.

தஞ்சாவூரில் டாக்டர் ஷம்ஷாத்
மருந்துச்சீட்டின் பின்பக்கம் நாலு அறை வரைந்தார்,
நடுவில் ஒரு முடிச்சு.
மின்சாரம் அங்கே கொஞ்சம் நின்றுதான் இறங்குமாம்,
கீழறை நிரம்பட்டும் என்று.
தெரியும் என்றேன்.
பன்னிரண்டு வருஷமாய் அதற்குத்தான் சம்பளம்:
நிறுத்தி, நிறுத்தி, விடுவது.

"உங்களுக்கு இன்னொரு வழி இருக்கு.
எங்கேயும் நிக்காத வழி.
முடிச்சு வழியா இறங்கினது
அதில ஏறி மேல வந்து
மறுபடி இறங்குது. சுத்திக்கிட்டே இருக்கு."
கள்ள மடை என்றேன்.
எழுதிக்கொண்டார்.

யார் வெட்டியது?
"யாருமில்லை. கருவிலேயே
மூட வேண்டிய இழை, மூடலை."
முப்பத்தாறு வருஷம்
டார்ச்சோடு நான் போய்ப் பார்க்காத கரை.

மற்ற மடைகள் எனக்குத் தெரியும்.
கோரையாற்றில் புனிதவதி புதைத்த பிவிசி குழாய்,
மேலே வாழைச் சருகு.
முக்கால் ஏக்கர், குத்தகை, கடைமடை.
முறைப் பட்டியலில் அவள் பெயர் உண்டு,
அவள் முறைக்குத் தண்ணீர் வந்ததில்லை.
அந்தப் பக்கம் போகும்போதெல்லாம்
பதிவேட்டில் 'சரி' என்று எழுதுவேன்.
டாக்டரிடம் இதைச் சொல்லவில்லை.
"மாத்திரையில அடைக்க முடியாதா?" என்று மட்டும்.
"அடங்கும். ஆனா என்னிக்காவது
மேலறை தாறுமாறா அடிச்சா
அத்தனையும் அந்த வழியா கீழ கொட்டும்."
கொட்டினால்?
பேனாவை மூடினார்.

விழித்தே கிடந்தேன்.
தொடை வழியே மூன்று கம்பிகள்
ஓட்டத்தோடு நெஞ்சுக்குப் போயின.
வேண்டுமென்றே துடிப்பைக் கிளப்பினார்கள்.
உடைப்பைத் தேட
தண்ணீர் விட்டுத்தானே பார்க்க வேண்டும்.
"முடிச்சுக்கு நாலு மில்லிமீட்டர் பக்கத்துல" என்றது ஒரு குரல்.
டாக்டர் என் பாஷையில் சொன்னார்:
"சூடு தப்பினா மதகும் சேர்ந்து போயிடும். அசையாதீங்க."
பாலத்தூணை ஒட்டி மண் வெட்டியவன் நான்,
சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே ஒரு காந்தல்.
ஒன்று. இரண்டு. மூன்—
"டெல்டா போயிடுச்சு!"
கண்ணாடிக்கு அப்பால் கைதட்டினார்கள்.

எனக்குத் தூக்கிப்போட்டது.
மேட்டூர் திறக்காத வருஷங்களில்
டீக்கடையில், பயிர்க் காப்பீட்டு வரிசையில்,
கருகின நாற்றங்காலில்
எத்தனை வாய் சொல்லிக் கேட்ட சொல்.
ஒருவரும் கைதட்டியதில்லை.

அரைமணி காத்திருந்தார்கள், திரும்பத் திறக்கிறதா என்று.
மணல் மூட்டை போட்ட கையோடு
வீட்டுக்குப் போகிறவன் லஸ்கர் இல்லை.
திறக்கவில்லை.

மூன்றாம் வாரம் வேலைக்குப் போனேன்.
மேசைமேல் உதவிப் பொறியாளரின் தாள்:
கோரையாறு இடதுகரை, கள்ள மடை,
உடன் அடைத்து அறிக்கை தரவும்.

சைக்கிளில் மூட்டையோடு போய்
சருகை விலக்கிக் குனிந்தேன்.
குழாய்க்குள் சத்தம்.
சுற்றவில்லை, திரும்பி ஏறவில்லை,
கீழே போய்க்கொண்டிருந்தது.
மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன்: எழுபத்திரண்டு.

மூட்டை இன்னும் கேரியரில்தான் இருக்கிறது.
அறிக்கைக்கு நாளைவரை நேரம்.